பள்ளிப் பணமும் பள்ளிக் கணக்கும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவு)



கல்வியைப் பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் பணித்தபோது, தமிழ்க் கல்வியைப் பற்றியே நாம் பேசுவோம் என்று அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். அதனைப் பற்றி இம்மேடையில் ஆண்டுதோறும் அறிஞர் பலர் நம்மினும் சிறக்கப் பேசியிருக்கின்றனர். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் கடல் கடந்தது. ஆயினும் அது நம் நெஞ்சில் எழுந்த இடம் இக்குடியிருப்பின் பூங்காவேயாகும்.

அமெரிக்காவில் மகனோ மகளோ இல்லாத வீடு இக்குடியிருப்பில் மிகச் சில. ஆறு திங்கள் அங்கே தங்கிப் பேரப்பிள்ளைகளைப் பேணிவிட்டுத் திரும்பிய தாய்மார் மாலை வேளையில் பூங்காவில் அமர்ந்து உரையாடுகையில், 'சார்ட்டர் பள்ளி' என்னும் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. "எங்கள் பேத்திக்குக் குலுக்கலில் சீட்டு விழுந்துவிட்டது. சம்பளமே கிடையாது" என்று ஓர் அம்மையார் மகிழ்ந்தார். "அது தனியார் பள்ளியா, சர்க்கார் பள்ளியா?" என்று அருகிருந்தவர் வினவினார். "இரண்டுந்தான் என்கிறான் என் மகன்" என்பது விடை.

இரண்டுந்தான் என்ற அந்த ஒரு சொல்லில், முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அந்நாட்டில் நடந்துவரும் பெருவழக்கு முழுவதும் அடங்கிக் கிடக்கிறது. அரசின் பணத்தால் நடப்பதும், ஆனால் அரசு நேரே நடத்தாததுமாகிய பள்ளி யாருக்குக் கணக்குக் காட்டக் கடமைப்பட்டது? இவ்வினா அமெரிக்கர்க்கு மட்டும் உரியதன்று. இத்தலைநகரில் நம்மவர் நடத்தும் உதவி பெறும் பள்ளிகளும் இரண்டுந்தான் அல்லவா? ஆதலின் அயலார் வழக்கைச் சற்று உற்று நோக்குவது நமக்கும் பயன்தரும்.

முதலில் ஒரு சொற்குழப்பத்தை நீக்கிவிடுவோம். இந்நகரில் தெருவுக்குத் தெரு 'பப்ளிக் ஸ்கூல்' என்று பலகை மாட்டியிருக்கும் பள்ளிகள் யாவும் தனியார் பள்ளிகள். அமெரிக்காவில் அச்சொல்லுக்குப் பொருள் நேர்மாறு. அங்கே அது ஊர்மக்கள் அனைவரின் பிள்ளைகளுக்கும் கட்டணமின்றிக் கற்பிக்கும் அரசுப் பள்ளியைக் குறிக்கும். பெரும்பாலான ஊர்களில் பள்ளிகளை ஆள்வது ஊரார் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பள்ளிக் குழு. அதன் கூட்டம் திறந்த மன்றத்தில் நடைபெறும். குடிமகன் எவனும் எழுந்து, 'சென்ற ஆண்டு கூரை பழுது பார்த்த செலவு என்ன?' என்று வினவலாம். பணம் வரும் வழியும் நாம் அறிய வேண்டுவதே. வீட்டுக்கும் நிலத்துக்கும் ஊர் தண்டும் சொத்துவரி ஒரு பகுதி. மாநில அரசு தருவது ஒரு பகுதி. மத்திய அரசு தருவது சிறு பகுதி. வீட்டின் விலை உயர்ந்த ஊரில் பள்ளி செழிப்பதும், ஏழைகள் வாழும் ஊரில் பள்ளி நலிவதும் இம்முறையால் விளைந்த பழைய குறை. அந்நலிவைக் கண்டு மனம் புழுங்கிய பெற்றோரே பின்னர்ச் சார்ட்டர் பள்ளியின் வாயிலில் வரிசையாக நின்றனர் என்பதை மறத்தலாகாது.

சார்ட்டர் என்பது சாசனம். ஆசிரியர் குழுவொன்று ஊர்ப் பள்ளிக் குழுவிடம் சாசனம் பெற்றுப் புதுமுறையில் கற்பிக்கலாம் என்னும் கருத்தை மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ரே படி என்பவர் 1970களில் எழுதினார். 1988 மார்ச்சுத் திங்கள் 31ஆம் நாள், ஆசிரியர் சங்கமொன்றின் தலைவரான ஆல்பர்ட் ஷாங்கர், வாஷிங்டன் நகரில் அக்கருத்தை நாடறியப் பேசினார். ஆசிரியர் சங்கத் தலைவர் ஒருவரே இதனைப் பரப்பினார் என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆசிரியர்க்கு உரிமை தருக, அவர்கள் புதுவழி கண்டால் ஏனைய பள்ளிகளும் கற்றுக்கொள்ளும் என்பதே அவர் விழைவு. 1991இல் மினசோட்டா மாநிலம் முதற் சட்டம் இயற்றியது. அடுத்த ஆண்டில் அம்மாநிலத்துச் செயின்ட் பால் நகரில் முதற் பள்ளி திறந்தது. அதற்கு அடுத்த ஆண்டிலேயே ஷாங்கர், தாம் கண்ட கனவு ஆசிரியர் கையினின்று நழுவி வணிகர் கைக்குப் போகிறது என்று எதிர்க்கத் தொடங்கிவிட்டார். 2021ஆம் ஆண்டில் ஏறத்தாழ 37 இலட்சம் பிள்ளைகள், 7,800 அளவிலான சார்ட்டர் பள்ளிகளில் பயின்றனர். அரசுப் பணத்தில் பயிலும் பிள்ளைகளுள் இவர்கள் நூற்றுக்கு ஏழு பேர்.

இவ்வேற்பாட்டின் உயிர் ஒரு பேரத்தில் இருக்கிறது. 'ஆசிரியரை அமர்த்துவது, பாடநூலைத் தேர்வது, பள்ளி நேரத்தை வகுப்பது முதலியவற்றில் உமக்கு உரிமை தருகிறோம். ஐந்தாண்டு போன்ற ஒரு தவணைக்குள் பிள்ளைகள் கற்றதையும் பணம் சென்ற வழியையும் எமக்குக் காட்டுக. காட்டாவிடில் சாசனம் பறிக்கப்படும்' என்பது அப்பேரம். கேட்பதற்கு மிக நேரியதே. எஞ்சியது, காட்டுக என்று கேட்பவர் யார், அவர் உண்மையாகவே கேட்கிறாரா என்பதுதான்.

பணம் பிள்ளையைப் பின்தொடர்ந்து செல்லும் என்பது இம்முறையின் விதி. ஒரு பள்ளியில் 600 பிள்ளைகள் பயில்கின்றனர் என்று கொள்வோம். வகுப்புக்கு இருவர் மூவராக 30 பேர் சார்ட்டர் பள்ளிக்குச் சென்றுவிட்டால், அவர்தம் பங்குப் பணமும் உடன் செல்லும். ஆனால் எந்த வகுப்பின் ஆசிரியரையும் குறைக்க இயலாது. பேருந்து அதே தெருக்களில்தான் ஓடும். ஓய்வு பெற்ற ஆசிரியரின் ஓய்வூதியமும் குறையாது. ஆண்டின் இடையில் ஊருக்கு வரும் பிள்ளையை அரசுப் பள்ளி எந்நாளிலும் சேர்த்துக்கொண்டாக வேண்டும். பல சார்ட்டர் பள்ளிகளுக்கு அக்கட்டாயம் இல்லை. இது ஒரு கட்சியின் முறையீடு. மறுகட்சியின் முறையீட்டிலும் உண்மை உண்டு. பல மாநிலங்களில் சார்ட்டர் பள்ளிக்குத் தலைக்குக் கிடைக்கும் பணம் குறைவு. கட்டடம் கட்டத் தனிப்பணம் இல்லாமல், கற்பிக்கும் பணத்திலிருந்தே வாடகை கொடுக்கும் பள்ளிகள் பல. நம் குடியிருப்பில் வாடகை வீட்டில் மாலை நேரத் தமிழ் வகுப்பு நடத்தியவர்களுக்கு அத்துன்பத்தை விளக்க வேண்டுவதில்லை.

இனி ஒஹாயோ மாநிலத்துக் கதையைச் சற்று விரித்துரைக்க விரும்புகிறோம். அங்கே 2000ஆம் ஆண்டில் கணினிவழிச் சார்ட்டர் பள்ளியொன்று தொடங்கியது. 'நாளைய மின் வகுப்பறை' என்பது அதன் பெயரின் பொருள். பிள்ளைகள் வீட்டிலிருந்தபடியே பயில்வர். தலைக்கு இவ்வளவு என்று மாநிலம் பணம் தரும். பள்ளியை நடத்தும் கம்பெனியும், பாடங்களை விற்கும் கம்பெனியும் பள்ளியின் நிறுவனருக்கே உரியவை. கொடுப்பவரும் கொள்பவரும் ஒருவரே ஆயின் விலையைக் கேட்பவர் யார்? 2015-16ஆம் ஆண்டில் 15,300 பிள்ளைகள் பயில்வதாகப் பள்ளி கணக்குக் காட்டியது. கல்வித்துறையினர் பிள்ளைகள் கணினியில் உட்புகுந்த நேரத்தை எண்ணிப் பார்த்தபோது, ஏறத்தாழ 6,300 பிள்ளைகளுக்கே சான்று கிடைத்தது. பள்ளியின் வழக்கறிஞர் கூறிய விடை நம் நினைவில் நிலைத்துவிட்டது. 'ஆண்டுக்கு 920 மணிநேரக் கல்வியை அளிக்க முன்வர வேண்டும் என்றுதான் விதி உளது. பிள்ளை அதனைக் கற்றதா என்று காட்ட வேண்டும் என்று விதியில் இல்லை' என்பதாம்! இலையைப் போட்டோம், உண்டாரா என்று கேட்காதீர் என்று பந்தி விசாரிப்பவர் கூறுவது போன்றது இது. 2018இல் மாநில உச்ச நீதிமன்றம் துறையின் பக்கமே தீர்ப்பளித்தது. அதற்கு முன்னரே, அவ்வாண்டு சனவரியில், கல்வியாண்டின் நடுவில், பள்ளி மூடப்பட்டது. ஏறத்தாழ 12,000 பிள்ளைகள் ஒரே வாரத்தில் வேறு பள்ளி தேட நேர்ந்தது.

அதே மாநிலத்தில் 2015இல் மற்றொரு தீர்ப்பும் வந்தது. சில சார்ட்டர் பள்ளிகள் தம்மை நடத்திய கம்பெனியை விலக்க முனைந்தபோது, 'பள்ளிக்குள் இருக்கும் மேசை நாற்காலி எமக்கு உரியவை; வேண்டுமாயின் விலை கொடுத்துப் பெறுக' என்று கம்பெனி கூறியது. ஒப்பந்தத்தில் அவ்வாறே எழுதிக் கையொப்பமிட்டிருந்தமையால், நீதிமன்றமும் கம்பெனியின் கூற்றையே ஏற்றது. மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய நாற்காலியை மக்கள் பணத்தாலேயே மீண்டும் வாங்க நேர்ந்தது.

கலிபோர்னியாவில் 2019இல் வெளிப்பட்டது இதனினும் பெரிது. 19 கணினிவழிப் பள்ளிகள் வழியாக ஏறத்தாழ 40 கோடி டாலர் மாநிலப் பணம் சென்றது என்று சான் டியாகோ மாவட்டத்து அரசு வழக்கறிஞர் வழக்குத் தொடுத்தார். கோடை விடுமுறையில் பந்தாடப் பதிவுசெய்துகொண்ட சிறுவர்களைப் பள்ளிப் பிள்ளைகளாகப் பதிந்து மானியம் பெற்றிருக்கின்றனர். தம் பிள்ளை ஒரு பள்ளியில் பயில்கிறான் என்பதே பெற்றோர் பலருக்குத் தெரியாது! அப்பள்ளிகளுள் பலவற்றுக்குச் சாசனம் தந்தவை மிகச் சிறிய ஊர்களின் பள்ளிக் குழுக்கள். மேற்பார்வைக்கெனச் சார்ட்டர் பள்ளியின் வருவாயில் ஒரு பங்கு அவற்றுக்குக் கிடைக்கும். காவற்காரனுக்குக் கூலி கொடுப்பவர் களஞ்சியத்தில் புகுந்தவரே ஆயின் காவல் எத்தகையதாக இருக்கும்? 2021இல் தலைவர் இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டு, 21 கோடி டாலருக்கு மேல் திரும்ப அளிக்க இசைந்தனர். இவ்வழக்கு வெளிவந்த 2019ஆம் ஆண்டிலேயே கலிபோர்னியா, சார்ட்டர் பள்ளிகளின் குழுக்கூட்டங்களும் ஏடுகளும் மக்கள் முன் திறந்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தது. 28 ஆண்டுகளுக்கு முன்பே அன்றோ மினசோட்டாவில் முதற் சட்டம் பிறந்தது?

இவற்றைக் கேட்டு, சார்ட்டர் பள்ளிகள் கள்வர் கூடம் என்று யாரும் முடிவு கட்டிவிடலாகாது. தேர்ந்தெடுக்கப்பட்ட குழு ஆளும் அரசுப் பள்ளிகளிலும் கள்வர் புகுந்திருக்கின்றனர். நியூயார்க் நகருக்கு அருகில் ராஸ்லின் என்னும் செல்வர் ஊரில், பள்ளிகளின் கண்காணிப்பாளரும் அவர் கீழிருந்த நிதி அலுவலரும் பிறரும் சேர்ந்து 1 கோடியே 10 இலட்சம் டாலருக்கு மேல் தம் சொந்தச் செலவுக்குக் கொண்டுசென்றது 2004இல் வெளிப்பட்டது. அட்லாண்டா நகரில் 44 அரசுப் பள்ளிகளில் ஆசிரியர்களும் தலைமையாசிரியர்களுமாக 178 பேர் பிள்ளைகளின் விடைத்தாள் மோசடியில் தொடர்புற்றனர் என்று 2011இல் மாநில விசாரணை கூறிற்று. களவு இருபுறமும் உண்டு. ஆனால் ராஸ்லினில் நிகழ்ந்தது வெளிப்பட்டதும், மாநிலக் கணக்குத் தணிக்கையாளர் உள்ளே நுழைந்து பேரேடுகளைப் புரட்ட யாரிடமும் இசைவு கேட்க வேண்டியிருக்கவில்லை. பள்ளியின் பணம் தனியார் கம்பெனியின் பேரேட்டுக்குள் சென்றுவிட்டால், தணிக்கையாளர் வாயிலிலேயே நிற்க நேர்கிறது. நமக்குத் தோன்றும் வேறுபாடு இவ்வளவே. ஆனால் சிறிய வேறுபாடு அன்று.

வேலி ஒழுங்காக அமைந்த இடத்தில் பயிர் விளைந்ததையும் சொல்லுதல் கடன். மாசச்சூசெட்சில் சாசனம் தருவது மாநிலக் கல்விக் குழு ஒன்றே. தவணை ஐந்தாண்டு. பிள்ளைகளை இழந்த ஊர்ப் பள்ளிகளுக்குச் சில ஆண்டுக்காலம் மாநிலமே ஈடுதர வேண்டும் என்பதும் அங்கே சட்டம். ஆனால் அவ்வீட்டுத்தொகை பல ஆண்டுகளில் முழுமையாகத் தரப்படவில்லை. போஸ்டன் நகரில் குலுக்கலில் சீட்டு விழுந்த பிள்ளைகளையும் விழாத பிள்ளைகளையும் அறிஞர்கள் ஒப்பிட்டனர். இரு சாராரும் விண்ணப்பித்தவர்களே ஆதலின், இது நேர்மையான ஒப்பீடு. சீட்டு விழுந்தோர் கணக்கிலும் மொழியிலும் தெளிவாக முன்னேறியிருந்தனர். இவ்வாறிருந்தும், சார்ட்டர் பள்ளிகளின் உச்ச எண்ணிக்கையைத் தளர்த்தலாமா என்று 2016இல் மக்களிடம் கேட்டபோது, நூற்றுக்கு 62 பேர் வேண்டாம் என்றனர். நன்மை தெரிந்தும் ஏன் மறுத்தனர்? எஞ்சிய பள்ளிகளின் பணம் குறையும் என்னும் அச்சமே பெரிது என்று நாம் கருதுகிறோம்.

நாடு முழுவதையும் நோக்கினால் வெற்றி தோல்வி கலந்தே காண்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்து ஆய்வு மையம் 2009இல் 16 மாநிலங்களின் நிலையை ஆராய்ந்தது. கணக்குப் பாடத்தில் சார்ட்டர் பள்ளிகளுள் நூற்றுக்கு 17 சிறந்தும், 37 தாழ்ந்தும், ஏனையவை வேறுபாடின்றியும் இருந்தன. அதே மையம் 2023இல் வெளியிட்ட ஆய்வில் சார்ட்டர் பிள்ளைகள் சற்று முந்திவிட்டனர். கணினிவழிப் பள்ளிகள் மட்டும் மிகவும் பின்தங்கின.

வாஷிங்டன் மாநிலத்தில் வழக்கு வேறொரு வாயிலில் நுழைந்தது. மக்களே வாக்களித்துச் சார்ட்டர் சட்டத்தை 2012இல் நிறைவேற்றினர். ஆனால் 2015 செப்டம்பரில், பள்ளிகள் திறந்த சில நாட்களுக்குள், மாநில உச்ச நீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றது. ஊரார் தேர்ந்தெடுக்காத குழு ஆளும் பள்ளியைப் பொதுப் பள்ளி என்று அழைக்க அரசியலமைப்பு இடந்தரவில்லை. ஆதலின் பொதுப் பள்ளிக்கென ஒதுக்கிய பணத்தை அதற்குத் தரலாகாது என்பது தீர்ப்பின் கருத்து. பின்னர் மாநிலம் லாட்டரி வருவாயிலிருந்து பணம் தந்து அப்பள்ளிகளைக் காத்தது. கொள்கை தோற்ற இடத்தில் லாட்டரி கைகொடுத்தது!

சாசனம் பறித்தல் என்னும் தண்டனையைப் பற்றியும் ஒரு சொல். 2005 ஆகஸ்டில் கட்ரீனாப் புயல் நியூ ஆர்லியன்ஸ் நகரை மூழ்கடித்தபின், அந்நகர்ப் பள்ளிகளில் பெரும்பாலானவற்றை மாநிலம் எடுத்துக்கொண்டு சார்ட்டர் பள்ளிகளாக மாற்றியது. 7,000க்கு மேற்பட்ட பள்ளி ஊழியர்கள் வேலை இழந்தனர். தேர்ச்சி குறைந்த பள்ளிகள் மூடப்பட்டு வேறு நிர்வாகத்திடம் தரப்பட்டன. சில ஆண்டுகளில் தேர்ச்சி உயர்ந்தது என்பது உண்மை. ஆனால் மூடிய பள்ளியின் பிள்ளை அடுத்த பள்ளியைத் தேடி விடியுமுன் தொலைவிலுள்ள பேருந்துக்கு நின்றது. நிர்வாகம் தவறு செய்யத் தண்டனை எட்டு வயதுக் குழந்தைக்கு. நகரின் பள்ளிக் குழு 2024இல் மீண்டும் தானே நேராக ஒரு பள்ளியைத் திறந்து நடத்தத் தொடங்கியிருக்கிறது.

சாசனம், குலுக்கல், கணக்கு என்று இவ்வளவு நேரம் பேசுகையில், கூட்டத்தில் பலர் உள்ளம் உத்தரமேரூருக்குச் சென்றிருக்கும். முதற் பராந்தகன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் அவ்வூர்க் கோயிற் சுவரில் வெட்டிய சாசனம், குடவோலையால் வாரியத்தார் தேரப்பட்ட முறையைக் கூறுகிறது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது சென்றவன் மட்டுமன்றி, அவன் உறவினரும் குடவோலைக்குப் பெயர் இடத் தகுதியற்றவர் என்கிறது. நிலமும் வேதக் கல்வியும் உடையார்க்கே அன்று அவ்வுரிமை இருந்தது என்பதையும் மறைக்காது கூறுவோம். ஊர்மக்கள் அனைவர்க்கும் உரிய மன்றமாக அதனைப் போற்றுவது மிகை. ஆயினும் கணக்கைப் பற்றிய அவ்விதியின் கடுமை இன்றைய ஒஹாயோவுக்குப் பயன்பட்டிருக்கும்.

இனி நம் வாயிலுக்கு வருவோம். அரசுப் பணம் பெற்றுத் தனியார் நடத்தும் பள்ளி இந்நாட்டிற்குப் புதிதன்று. 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கையே, அரசின் மேற்பார்வையை ஏற்கும் பள்ளிகளுக்கு மானியம் தரலாம் என்று வழிவகுத்தது. 1958இல் கேரளக் கல்வி மசோதாவைப் பற்றிய கருத்துரையில் உச்ச நீதிமன்றம், பள்ளியை நடத்தும் உரிமை என்பது அதனைக் கெடுக்கும் உரிமை ஆகாது என்னும் பொருள்படக் கூறிற்று. டில்லியில் உதவி பெறும் பள்ளிகளின் ஊதியச் செலவில் 95 விழுக்காட்டை அரசு தருகிறது. 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், அவற்றின் நிர்வாகக் குழுவில் ஆசிரியர் பிரதிநிதிகளும், கல்வித்துறை இயக்குநர் நியமிப்பவர்களும், பெற்றோர் ஆசிரியர் கழகம் தேர்ந்தெடுக்கும் பெற்றோர் ஒருவரும் இருத்தல் வேண்டும். டில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகளில் நம் பிள்ளைகள் பலர் பயின்றவர். ஏனைய பள்ளிகளில் பயின்றவரும் உளர். எப்பள்ளியாயினும் அந்த ஒரு பெற்றோர் நாற்காலி உண்டு.

அந்நாற்காலியில் நாமும் ஒருகால் அமர்ந்திருந்தோம். பள்ளியின் பெயர் வேண்டா. குற்றம் பள்ளியுடையதும் அன்று. போட்டியிட வேறு எவரும் முன்வராமையால் நம் பெயரை எழுதிக்கொண்டார்கள். பெற்றோர் கூட்டத்துக்கு வந்திருந்தவர் பதினொருவர். தவணைக்காலத்தில் ஆண்டுக் கணக்கு இரு முறை நம்முன் வந்தது. தேநீரும் உடன் வந்தது. 'ஆடிட்டர் பார்த்துவிட்டார்' என்று ஒருவர் கூறினார். பக்கங்களைப் புரட்டாமலே இரு முறையும் கையொப்பமிட்டோம். அதில் தவறு இருந்ததா இல்லையா என்பது இன்றளவும் நமக்குத் தெரியாது. ஒஹாயோப் பள்ளியின் குழுவிலும் நம்மைப் போன்றவர் சிலர் அமர்ந்திருந்தனர் என்று படித்தபோது, நமக்குச் சிரிப்பு வரவில்லை.

2019இல் உச்ச நீதிமன்றம், அரசின் கணிசமான நிதியுதவியால் நடைபெறும் கல்வி நிலையங்களும் தகவல் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டவை என்று தீர்ப்பளித்தது. ஆதலின் பள்ளியின் தணிக்கைக் கணக்கைக் கேட்பது யாருக்கும் உள்ள உரிமை, பகைமையாகக் கொள்ளத்தக்கதன்று. பள்ளிகளின் கணக்கு நகல்களைப் பெற்றுச் சங்கத்தின் படிப்பகத்தில் வைக்கச் செயலாளர் அவர்கள் இசைந்திருக்கிறார்கள். ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்குப் படிப்பகம் திறந்திருக்கும். கணக்குத் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற பெரியோர் இக்குடியிருப்பில் பலர் உளர். வரவுசெலவு ஏட்டைப் படிக்கும் முறையைத் தாய்மார்களுக்கும் இளைஞர்களுக்கும் கற்பிக்க அவர்களுள் இருவர் முன்வந்திருக்கின்றனர். புதிய கல்வியாண்டில் பெற்றோர் பிரதிநிதித் தேர்தல் வரும்போது, பெயர் கொடுக்க விரும்புவோர் அங்கே வந்து எம்மைக் காணலாம். நாம் கையொப்பமிட்ட அவ்விரு ஆண்டின் கணக்குகளையே முதலில் கேட்டு எழுதியிருக்கிறோம்.